மோனிஷா மட்டும் இருந்த பேனர்

மோனிஷாவின் பத்தாவது பிறந்த நாளில் கேக்கை வெட்டியது பட்டாக்கத்தி. அரை மணி நேரம் கழித்து அதே கத்தி ஒருத்தனுடைய காதையும் வெட்டியது. பேனரில் அவன் படத்தைக் கடைசி வரிசையில் போட்டுவிட்டார்களாம், அதை அவன் கேட்டானாம், வாய்ச்சண்டை முற்றிவிட்டதாம். க்ரீம் ஒட்டிய கத்தியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பள்ளிக்கூடத் தோழிகள் நாலு பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். மறுநாளிலிருந்து வகுப்பில் மோனிஷாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

காது போனவனைப் பற்றி மோனிஷாவின் அம்மா ரத்னாவுக்கு ஒரு கவலையும் கிடையாது. அவனுக்குத்தான் இன்னொன்று இருக்கிறதே. பெற்ற மகள் ஒரு வருஷமாக மரத்தடியில் தனியாக டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வருகிறாள் என்பதுதான் அவள் நெஞ்சை அரித்தது. அதனால் 2013 ஆகஸ்டில், மோனிஷாவுக்குப் பதினொன்று முடிகிற அன்று, வகுப்பிலிருந்து எட்டுப் பெண்பிள்ளைகளாவது வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, கேக் தின்று, சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்று முடிவு கட்டினாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குறுக்கே நின்றது அவள் புருஷனின் பிழைப்பு. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் தயாராவது பளபளக்கும் கார். வெளியே மண்டை உடைவது அந்தக் காரைச் செய்யும்போது மிச்சம் விழும் தகரத்துக்கு. அந்த ஸ்கிராப்பை இத்தனை வருஷம் அள்ளியவர் முனிரத்தினம். அவரிடமிருந்து பிரிந்துபோய்த் தானும் அள்ளப் பார்த்தவன் இராமச்சந்திரன். ரத்னாவின் புருஷன் அன்பு, முனிரத்தினத்தின் லாரியை ஓட்டினான். லாரி ஓட்டுவது மட்டும்தான் தன் வேலை என்று வீட்டில் சொல்வான். அவன் சட்டையைத் துவைப்பவள் ரத்னாதானே, அவளுக்கா தெரியாது?

அவர்கள் ஊர் பென்னலூரில் எட்டு வீட்டு வாசலையும் மிதித்தாள். ஏழு வீட்டில் ஆளுக்கொரு சாக்கு. எட்டாவது வீடு கோவிந்தம்மாவுடையது. மகளிர் குழுத் தலைவி. அவள் தலையாட்டினால் மற்ற ஏழும் ஆடும்.

"ரத்னா, உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல," என்றாள் கோவிந்தம்மா. "உன் வூட்டுக்காரன் கூட சுத்திக்கினு கீறானுங்களே, அவனுங்க வர்ற எடத்துக்கு என் பொண்ண எப்டி அனுப்புறது? நீயே சொல்லு."

"ஒருத்தனும் வர மாட்டான்க்கா. கத்தி இல்ல, சரக்கு இல்ல. பசங்க மட்டும்தான். நாலு மணிக்கு ஆரம்பிச்சா ஆறு மணிக்கு முடிஞ்சிடும். நானே கொண்டாந்து வுடுறேன்."

"எதுனா ஆச்சுன்னா?"

"என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்க்கா. உங்க பசங்க மேல ஒரு கீறல் பட வுட மாட்டேன். எவன் வந்தாலும் என் வாசப்படிய தாண்ட முடியாது."

கோவிந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, சரி, அனுப்புகிறேன் என்றாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அன்புவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஆட்கள் ஒருத்தரும் வரக்கூடாது, பேனர் கூடாது என்றதும் தட்டு பறந்தது. சாம்பார் சுவரில் வழிந்தது.

"இன்னாடி பேசுற? ஊர்ல அவனவன் நாய்க்குட்டிக்கு பேனர் வெக்கிறான். என் பொண்ணுக்கு நான் வெக்க கூடாதா? அப்பன் இன்னா செத்தா பூட்டான்?"

கொத்தாக அவள் முடியைப் பிடித்தான். ரத்னாவின் கையில் அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கரண்டி இருந்தது. யோசிக்காமல் அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கிய வாடை வந்தது. அவன் அலறிக்கொண்டு கையை உதறினான்.

"இன்னொரு தபா முடியப் புடிச்சே, மூஞ்சில வெப்பேன்," என்றாள்.

மோனிஷா மூலையில் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இரண்டு பேருக்குமே வெட்கமாகப் போயிற்று. அன்பு குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். கெட்டவன்தான்; ஆனால் மகள் என்றால் உருகிவிடுகிற கெட்டவன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஆட்கள் யாரும் வர மாட்டார்கள், பேனர் மட்டும் உண்டு. ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லி வைத்துவிட்டு, கோயம்புத்தூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான்.

பேனரைப் பார்க்க வியாழக்கிழமை, தான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ரத்னா கடைக்குப் போனாள். கடைக்காரன் நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கம்பெனி வேலைக்கென்று வந்து ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனாக ஆனவன். கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினான். கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் போனை வைத்துக்கொண்டு, பாதி பேனருக்கு முனிரத்தினம் நின்றார். அவர் காலடியில் வரிசையாகப் பதினேழு தலைகள். பிறந்த நாள்காரி எங்கே என்று தேடினாள். கீழே ஒரு மூலையில், கட்டைவிரல் அளவுக்கு, பூப்போட்ட கவுனில் இருந்தாள் மோனிஷா.

"இவனுங்க எல்லாத்தையும் எடு. என் பொண்ணு மட்டும் இருக்கட்டும்."

"யக்கா, சொல்லுததைக் கேளுங்க," என்றான் நம்பிராஜன். "முனிரத்தினம் அண்ணாச்சி படம் இல்லாம அவிய ஆளு யாரும் இந்த ரோட்டுல பேனர் வச்சது கெடையாது. வெவகாரம் ஆயிரும். அன்பு அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

"பெத்தவ நான் சொல்றேன், அவரை இன்னா கேக்குறது?" மேஜையில் ஃப்ளெக்ஸ் அறுக்கிற பிளேடு கிடந்தது. அதை எடுத்துக் கம்ப்யூட்டர் வயரில் வைத்தாள். "நீ எடுக்குறியா, நான் இத்த அறுக்கட்டுமா?"

நம்பிராஜன் எடுத்தான். ஒரு சொடுக்குக்கு ஒரு தலை. கறுப்புக் கண்ணாடி போனது, போன் போனது, மீசைகள் போயின. ஒவ்வொரு தலை காணாமல் போகும்போதும் ரத்னாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நிஜத்திலும் இப்படி ஒவ்வொருத்தனாக அழித்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கடைசியில் பேனர் முழுக்க மோனிஷா சிரித்தாள். கீழே அப்பா, அம்மா பெயர் மட்டும்.

இந்த இடத்தில்தான் ரத்னா தப்புச் செய்தாள். அவள் அதைப் பிறந்த நாள் பேனராகப் பார்த்தாள். ஸ்கிராப் அள்ளுகிறவர்களுக்கோ அது யார் யாரோடு இருக்கிறான் என்று ரோட்டில் ஒட்டிய நோட்டீஸ். அந்த வாரம்தான் ஒரு கம்பெனியின் காண்ட்ராக்ட் முனிரத்தினத்திடமிருந்து இராமச்சந்திரனுக்குக் கைமாறப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தன் ஆட்களில் எவன் எப்போது தாவுவான் என்று முனிரத்தினம் தூங்காமல் கிடந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென்னலூர் திருப்பத்தில் அவருடைய லாரி டிரைவரின் பேனர் ஏறியது. அதில் அவர் முகம் இல்லை. வாயைத் திறந்து சொல்லாமல் இதைவிடத் தெளிவாக எவனும் சொல்ல முடியாது.

ரத்னாவுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? அவள் சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு ஹாலில் ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டுப் பேரும் வந்தார்கள்! நாலு மணிக்குக் கோவிந்தம்மாவின் மகள் முதலில் வந்தாள். நாலரைக்குள் ஹால் நிறைந்துவிட்டது. முதலில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றதுகள், நாற்காலி விளையாட்டு ஆரம்பித்ததும் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு கத்தின. ஒருத்தி மோனிஷாவின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட, மோனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரத்னாவுக்கு அழுகை வந்தது. சமையல் மேடைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது போன் அடித்தது.

"பேனர யாருடி அப்டி அடிக்க சொன்னது?" அன்புவின் குரல் இறங்கியிருந்தது. கோபமாக இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

"நான்தான். இன்னா இப்போ?"

"காலைல இருந்து முனிரத்தினம் போன் மேல போன். எப்போடா இராமச்சந்திரன் கூட சேர்ந்தன்னு கேக்குறாரு. இன்னா ஏதுன்னே புரியாம வண்டி ஓட்டிக்கினு வந்தேன். திருப்பத்துல இப்பதான் இத்த பாக்குறேன். போச்சுடி."

நம்பிராஜன் சொன்னது இப்போதுதான் ரத்னாவின் மண்டையில் ஏறியது.

"அத்த அவுத்துப் போட்டுட்டு எங்கனா பூடு. இங்க வராத. வூட்ல பசங்க இருக்குதுங்க," என்றாள்.

"அவுத்துட்டு நேரா போயி அவர் கால்ல வுழுந்துர்றேன். நீ பயப்படாத. மோனி கிட்ட..." என்றவன் பாதியில் நிறுத்தினான். பைக்குகள் வந்து நிற்கிற சத்தம். "டேய், டேய், நான் சொல்றத கேளுங்கடா," என்று வேறு யாரிடமோ சொன்னான். அதற்குப் பிறகு போனில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திருப்பத்திலிருந்து வீட்டுக்கு நூறு அடி. ரத்னா ஜன்னலுக்குப் போனபோது அவன் சந்துக்குள் நுழைந்துவிட்டான். இடது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. பேனரைக் கட்டியிருந்த கயிறு காலில் சிக்கி இழுபட்டது. பின்னால் மூன்று பேர், மூன்று பேர் கையிலும் கத்தி. போன வருஷம் இதே வீட்டில் பிரியாணி தின்றவர்கள். அவனுக்கும் அவர்களுக்கும் நாலு எட்டுதான் இடைவெளி. கதவைத் திறந்து அவனை இழுத்துப் போட்டுச் சாத்துவதற்கு அது போதாது. அவன் உள்ளே வந்தால் அவர்களும் உள்ளே வருவார்கள். உள்ளே ஒன்பது பெண்பிள்ளைகள். அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

ரத்னா கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். திரும்பி நின்று முதுகைக் கொடுத்தாள்.

"பாடுங்கடி," என்று கத்தினாள். "கேக்கு வெட்டப் போறோம். எல்லாரும் சத்தமா பாடுங்க!"

குழந்தைகள் முழித்தன. ஒன்றிரண்டு பேர் பிறந்த நாள் பாட்டை ஆரம்பித்தார்கள். அப்போது கதவு இடிபட்டது.

"ரத்னா! கதவத் தொற! ரத்னா!"

ஒவ்வொரு தட்டும் அவள் முதுகில் விழுந்தது. உள்ளங்கையால் தட்டுகிறான் என்று தெரிந்தது. ஒரு கையால்தான் தட்டுகிறான் என்றும் தெரிந்தது. பிறகு வேறு சத்தம். கத்தி ஒரு தரம் குறி தவறிக் கதவில் இறங்கியது. பலகை அதிர்ந்தது. குழந்தைகள் வீறிட்டுக்கொண்டு சுவரோரம் குவிந்தார்கள்.

"மோனி! நான்தான்டா, அப்பா! தாப்பாள எடுறா, மோனி!"

மோனிஷா ஓடி வந்தாள். அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் கையை விட்டுக் கீழ்த் தாழ்ப்பாளைப் பிடித்துவிட்டாள். ரத்னா பெற்றதிலிருந்து மகளை ஒரு அடி அடித்தவள் இல்லை. அன்றைக்கு அறைந்த அறையில் மோனிஷா சுழன்று போய் மேஜையில் விழுந்தாள். கேக் தரையில் கவிழ்ந்தது. எழுந்து மறுபடி வந்தாள். ரத்னா மறுபடியும் அறைந்தாள்.

"மோனி" என்று வெளியே இன்னொரு தரம் கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் வந்து ரத்னாவின் குதிகாலைத் தொட்டது. சூடாக இருந்தது. அவள் நகரவில்லை. பைக்குகள் கிளம்பிப் போய், தெருவில் பெண்கள் கத்துகிற சத்தம் நெருங்கி வந்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள்.

அன்புவுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்ல இஷ்டமில்லையா என்று அவளுக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை. ஆம்புலன்ஸ் பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் போய்விட்டான்.

கோவிந்தம்மா தன் மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. எட்டுப் பேருக்கும் இல்லை. "நீ மனுஷி இல்லம்மா, தெய்வம்," என்று ரத்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரத்னா கையைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த வார்த்தை நெருப்பாகச் சுட்டது.

மறுநாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா ஒருத்தர் வந்து ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவரில் ஜிகினாத் தாள் அப்படியே இருந்தது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"கதவுல வெட்டு இருக்கு. ரத்தக் கை அச்சு பூரா அப்பி இருக்கு. உன் புருஷன் கதவத் தட்டினாரா? உங்களக் கூப்பிட்டாரா?"

ரத்னா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். கொன்றவர்களோடு தன்னையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தாள்.

"இல்ல மேடம்," என்றாள் மோனிஷா. "ஒண்ணுமே கேக்கல. நாங்க பாட்டு பாடிக்கினு இருந்தோம்."

"கன்னம் ஏன் வீங்கி இருக்கு?"

"நாற்காலி வெளாடும்போது வுழுந்துட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டு, அந்த வீங்கிய கன்னத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். வாசலில் ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கியதும் ரத்னா மகளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். மோனிஷா நகர்ந்து போய் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு கேட்டுச்சும்மா," என்றாள். "எனக்கும் கேட்டுச்சு."