லெனி எடுத்த தடுப்பாளன்

டொலிடோவில் ஹீட்டர் பழுது பார்க்கிற லெனி வோய்டாவைக் கூப்பிட்டால் வீடு சூடாகும், கூடவே காதும் சூடாகும். நிலவறைக்கு இறங்கி ஹீட்டரைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, டொலிடோ ஹாமர்ஸ் அணி இந்த ஏப்ரலில் யாரை எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவான். ஜனவரிக் குளிரில், ஹீட்டர் துண்டு துண்டாகக் கிடக்கும்போது, வீட்டுக்காரர் என்ன எதிர்வாதம் செய்ய முடியும்? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலையெல்லாம் சேர்த்து, ஊரே தன் பக்கம் என்று லெனி நம்பிக்கொண்டிருந்தான்.

ஹாமர்ஸ் ஆடுவது தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிற அமெரிக்க ஃபுட்பால். இடிபடுவது பெரும்பாலும் ஹாமர்ஸ்தான். ஒவ்வொரு வசந்தத்திலும், கல்லூரி ஆட்டத்தை முடித்த பையன்களை அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மூன்று நாள், ஏழு சுற்று. போன வருடம் யார் அதிகம் தோற்றார்களோ அவர்களுக்கே முதல் முறை. மற்ற ஊர்க்காரர்கள் கோப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, டொலிடோக்காரர்கள் வரிசையில் முன்னால் நிற்பதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

லெனியின் வியூகத்தைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும்: சுவர் கட்டு. பந்து எறிகிறவன் வேண்டாம், பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் வேண்டாம். முன்வரிசையில் நின்று எதிரியை மறிக்கிற, ஆள் பீப்பாய் போலிருக்கிற தடுப்பாளர்களாக எடுத்துக்கொண்டே போ. அவர்களிலும் கை நீளமானவனாகப் பார்த்து எடு. நீளக் கை எதிரியை எட்டவே நிறுத்திவிடும் என்பது அவன் கட்சி. நாளடைவில் மனிதர்களைப் பார்த்தாலே அவன் கண் முகத்துக்குப் போகாமல் கைக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

மகள் பெத் தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவனை ஈஸ்டர் விருந்துக்கு அழைத்து வந்தாள். லெனி கை குலுக்கிவிட்டு நேரே சமையலறைக்கு வந்து மனைவி டார்லாவின் காதைக் கடித்தான்.

"நல்ல பையன்தான். ஆனா கை குட்டை."

"அவன் பல் டாக்டர், லெனி. வாய்க்குள்ள எட்டினா போதும். போய் உருளைக்கிழங்கைப் பிசை."

இப்படிப்பட்டவனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தெய்வ தரிசனம் கிடைத்தது. டார்லாவின் பெரியம்மா மகன் இறந்துபோய் மினசோட்டாவுக்குப் போயிருந்தார்கள். சவ அடக்கம் முடிந்து மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, லெனி காருக்குப் போய்க் கையுறை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த சின்னக் கல்லூரி மைதானத்துக்குள் நுழைந்துவிட்டான். கொட்டுகிற பனியில் ஒரு பையன் இரண்டு பேரை ஒன்றாகப் பிடித்து, கதவைச் சாத்துவது மாதிரி ஓரமாகத் தள்ளி வைத்தான். பால் பண்ணைக்காரர் மகன். பெயர் நெல்ஸ் ஹால்வர்சன். கையோ முழங்காலைத் தொட்டது. லெனி கையுறையை மறந்தான், செத்தவரை மறந்தான். டார்லா வந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றான்.

அன்று முதல் நெல்ஸ்தான் பேச்சு. உள்ளூர் விளையாட்டு ரேடியோவுக்கு வாரந்தவறாமல் போன் போட்டான். லெனி குரலைக் கேட்டாலே ரேடியோக்காரர் தவளை கத்துகிற சத்தத்தை ஒலிபரப்புவார். அதையும் மீறிப் பேசுவான், ஆனால் பெயர் மட்டும் தவளைச் சத்தத்தில் முங்கிவிடும். நெல்ஸ் என்று ஒருவன் இருப்பதே டொலிடோவில் வேறு யாருக்கும் தெரியாது. அவனை ஹாமர்ஸ் உடையில் ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டு "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட வேண்டும். லெனிக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் மிச்சமில்லை.

மார்ஜ் நடத்துகிற மதுக்கடையில் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறவன் கஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். லெனியின் வாயைப் பிடுங்குவதுதான் அவனுக்கு மாலைப் பொழுதுபோக்கு.

"நாம இந்த வருஷம் நெல்ஸை எடுக்கறோம், கஸ். வேற பேச்சே இல்ல."

"நாமன்னா யாருடா? நீ, நான், மார்ஜா? மார்ஜ், உனக்குச் சம்மதமா?"

"பாக்கியை முதல்ல குடுங்க. அப்புறம் ஆள் எடுக்கலாம்," என்றாள் மார்ஜ், கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

"சிரி, சிரி. அவன் வந்து நின்னான்னா பந்து எறியற நம்ம ஆளை ஒருத்தன் தொட முடியாது."

"நம்ம ஆளை யாருடா தொடறாங்க? அவன்தான் பந்தைக் கண்டாலே தானா விழுந்துடறானே."

ஏப்ரல் தொடக்கத்தில் போன் வந்தது. ஹாமர்ஸ் அணியின் விளம்பரப் பிரிவிலிருந்து கேண்டஸ் என்ற பெண் பேசினாள். மூன்றாம் நாள் ஆட்டக்காரர்களின் பெயரை ரசிகர்களை விட்டு அறிவிக்கச் செய்வது இப்போது எல்லா அணிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. நதிக்கரையில் மேடை போடுகிறார்கள், ஹாமர்ஸின் நாலாம் சுற்றுப் பெயரை லெனி படிக்க வேண்டும்.

"ஏன் என்னைக் கூப்பிடறீங்க?" என்றான் லெனி.

"ரேடியோவுல எங்களை அதிகமாத் திட்டினது நீங்கதான் சார். திட்டறவரையே மேடையேத்தினா ஜனங்க ரசிப்பாங்க."

வேறு ஒருவனாக இருந்தால் இதைக் கேட்டு முகம் சுருங்கியிருக்கும். லெனிக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்ததும் அவன் மூளை அவனுக்கே உரிய வழியில் ஓடியது: இத்தனை பேர் இருக்க எதற்காக என்னைக் கூப்பிட வேண்டும்? நெல்ஸுக்காக ஒற்றையாய்த் தொண்டை கிழியக் கத்தினவன் நான். அவன் பெயரை என் வாயாலேயே சொல்ல வைக்கத்தான்!

"கேட்டுட்டாங்க, டார்லா! கடைசியில என் பேச்சைக் கேட்டுட்டாங்க!"

"அந்தப் பொண்ணு அப்படிச் சொன்னாளா?"

"இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாங்களா? ரகசியம்."

டார்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "லெனி, என்ன பேர் குடுக்கறாங்களோ அதைப் படி, கையை ஆட்டு, இறங்கி வா. சத்தியமா?"

"சத்தியமா." அப்போது அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

சனிக்கிழமை, ஊர் நடுவே ஓடுகிற மாமீ நதியிலிருந்து எலும்பைத் துளைக்கிற காற்று. அதைப் பொருட்படுத்தாமல் கூட்டம் சுட்ட கியெல்பாசா தொத்திறைச்சியும் பீருமாக நின்றது. பெரிய திரையில் நாடெங்கும் நடப்பது ஓடிக்கொண்டிருந்தது. லெனி மேடையேறியதும் யாரோ தவளை மாதிரிக் கத்தினார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். லெனி அதையும் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டு கும்பிடாத குறையாகத் தலை வணங்கினான். கேண்டஸ் அட்டையைக் கையில் கொடுத்தாள்.

அட்டையில் டிரெவர் பிங்க்லி என்று இருந்தது. கீழே, பன்ட்டர்.

பன்ட்டர் என்பவன் வேறு யாருமில்லை. எவ்வளவு முட்டியும் அணி முன்னேற முடியாமல் போகும்போது, சரி, நீயே வைத்துக்கொள் என்று பந்தை எதிரியின் பக்கம் தூர உதைத்து அனுப்புகிறவன். நாலாம் சுற்றில் பன்ட்டரை எடுப்பது, இந்த வருடமும் நாங்கள் முன்னேறப் போவதில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். லெனி அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இரண்டு வருடத் தொண்டைத் தண்ணீர் வீணாய்ப் போனது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. மைக்கில் சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது என்று மதுக்கடையில் எப்போதோ யாரோ அடித்துச் சொன்னது அந்த நேரம் பார்த்துதானா ஞாபகத்துக்கு வரவேண்டும்?

"நாலாம் சுற்றில்," லெனியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, "டொலிடோ ஹாமர்ஸ் எடுப்பது... நெல்ஸ் ஹால்வர்சன். தடுப்பாளன். மினசோட்டா!"

கூட்டம் ஒரு நொடி விழித்தது. யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, பெயர் சொன்னால் கத்த வேண்டியதுதானே என்று கத்தித் தீர்த்தது. அவ்வளவு பேர் லெனியோடு ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. ஹீட்டர் எதையும் பிரித்துப் போடாமலே!

உடனே பெரிய திரை மாறியது. ஒரு சர்ச்சின் கீழ்க்கூடம். மடக்கு மேசைகள், காகிதத் தட்டுகள், சுற்றிலும் அந்த ஊரே. அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் அங்கே கேமராவோடு காத்திருந்திருக்கிறான். நெல்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். பால் பண்ணை அப்பா, பனியில் வெடித்த முகத்தோடு, பாதிரியாரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். ஹாமர்ஸ் என்றால் சுத்தியல் அல்லவா? யாரோ கருவிப் பெட்டியிலிருந்து நிஜச் சுத்தியல் ஒன்றை எடுத்துவர, நெல்ஸ் அதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். கூடம் அதிர்ந்தது. லெனியும் மேடையில் நின்று அழுதான்.

அப்போதுதான் திரையின் அடியில் எழுத்து ஓடியது: திருத்தம். டொலிடோ எடுத்தது டிரெவர் பிங்க்லி. பெயரெல்லாம் முன்பே போனில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேடையில் படிப்பது வெறும் வேடிக்கை. இது லெனியைத் தவிர அங்கே சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

கீழ்க்கூடத்தில் அந்த எழுத்தைப் படிக்க எல்லோருக்கும் ஒரே நேரம் பிடிக்கவில்லை. அம்மா முதலில் படித்தாள். அப்பா இன்னும் குதித்துக்கொண்டிருந்தார், யாரோ அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்கள். நெல்ஸ் சுத்தியலை மெதுவாக இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கேக் பக்கத்தில் வைத்தான். கேமராக்காரனுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்க வேண்டும், படத்தை நிறுத்திவிட்டான்.  இரண்டு வருடமாக அந்தப் பையனின் கையையே நினைத்துக்கொண்டிருந்த லெனி, அவன் முகத்தை அன்றுதான் பார்த்தான்.

மேடைக்குப் பின்னால் கேண்டஸ் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது வாரன் வந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களை அளந்து வருகிற, ஹாமர்ஸின் வயதான தேர்வாளர்.

"நீதானா அது?" என்றார்.

"சார், அந்தப் பையன் கிட்ட நான் மன்னிப்பு..."

"அவனை ஆறாவது சுற்றுல நாங்க எடுக்கறதா இருந்தோம்."

லெனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தன்னைப்போல் இன்னொருவரும் உண்டா என்பதுபோல், அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "நீங்களும் பாத்தீங்களா? கையைப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை போய்ப் பாத்தேன். முதலாளி கிட்ட ஒரு மாசமா மல்லுக்கட்டி ஒத்துக்க வச்சேன். இப்ப அவர் பேரையே அடிச்சிட்டாரு. எடுத்தா, ஹீட்டர்காரன் சொல்லித்தான் டொலிடோ ஆள் எடுக்குதுன்னு நாடே சிரிக்குமாம்." வாரன் அவனை உற்றுப் பார்த்தார். "இதைக் கேட்டுட்டுச் சிரிக்கறியேய்யா நீ?"

சிரிப்பு அப்படியே உறைந்தது. அதற்குப் பிறகு அவன் கெஞ்சின கெஞ்சலை எழுதினால் எனக்கே பாவமாக இருக்கும். குடித்திருந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன், பைத்தியம் என்று எழுதித் தருகிறேன், இனி ரேடியோப் பக்கமே போகமாட்டேன் என்றெல்லாம் சொன்னான். வாரன் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். வாயை மூடிக்கொண்டு ஒரு பன்ட்டர் பெயரைப் படித்திருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் அவன் கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும்.

லெனி வீட்டுக்குப் போகவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் டார்லாவுக்கும் கஸ்ஸுக்கும் நடுவே போய் நின்றுகொண்டான். டார்லா தன் கழுத்துத்துணியை எடுத்து அவனுக்குச் சுற்றிவிட்டாள். கஸ் தன் பீரில் ஒரு மடக்கு கொடுத்தான், அது அவனுக்குப் பெரிய தியாகம். வாரன் கடைசி நேரத்தில் எப்படியாவது முதலாளியை மசியவைத்துவிடுவார் என்று லெனி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான்.

ஆறாம் சுற்றில் ஹாமர்ஸின் முறை வந்தது. எடுத்தது பந்து பிடிக்கிறவன் ஒருவனை. பெயர் லெனியின் காதில் ஏறவில்லை.

அடுத்த முறை ஈரி அணியுடையது. ஏரிக்கரையில் கொஞ்சம் தள்ளியிருக்கிற ஊர். வருடத்துக்கு இரண்டு தடவை ஹாமர்ஸை மண்ணைக் கவ்வ வைக்கிற பரம எதிரி. ஈரி யாரை எடுத்தாலும் டொலிடோ ஊளையிட்டே தீரும், அதில் ஆள் பார்ப்பதில்லை. திரையில் அறிவிப்பாளர், அட்டையில் உள்ளதை உள்ளபடி படிக்கிற நல்ல மனிதர், தெளிவாகச் சொன்னார்:

"ஈரி எடுப்பது, நெல்ஸ் ஹால்வர்சன்."

நதிக்கரை முழுவதும் ஊளை கிளம்பியது. காலையில் அதே பெயருக்குக் கைதட்டின அதே வாய்கள். கஸ் கழுத்து நரம்பு புடைக்க ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.

"பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு, லெனி," டார்லா அவன் காதருகே கத்தினாள். "நல்லதுதானே? விடு."

"நல்லதுதான்," என்றான் லெனி. மனதாரத்தான் சொன்னான். அந்த நீளக் கைகள் இனி வருடத்துக்கு இரண்டு தடவை வந்து நம் ஆட்களை ஓரமாகத் தள்ளி வைக்கப்போகின்றன என்பதும் அவனுக்குத் தெரிந்தது. கண்ணீர் தாடைவரை வந்து காற்றில் சில்லிட்டது.

"டேய், சும்மா நிக்கறியே," கஸ் முழங்கையால் இடித்தான். "ஈரிடா!"

லெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். மூச்சை நன்றாக இழுத்து, எல்லோரையும்விட உரக்க ஊளையிட்டான்.