செல்வநாயகி டாக்கீஸில் ஒரு கீச்சொலி

மாட்டினி ஷோவில் மூன்றாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தபோது, மோசஸ் இரும்பு ஏணியில் ஏறி வந்து ஆபரேட்டர் ரூம் கதவைத் தட்டினான். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் அவன். படம் ஓடும்போது மேலே வரும் வழக்கமில்லை.

"அண்ணாத்த, மறுபடியும் கீச்சுன்னு கத்துது. பொம்பளைங்க பெஞ்சுல காதப் பொத்திகினு குந்தினு கீறாங்க."

இருசப்பன் சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்தான். படத்தில் யாரோ ஒரு டாக்டர், நோயாளி பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் சுத்தமாக இருந்தது. அதற்கு அடியில் எப்போதும் உள்ள லேசான உறுமல். வேறொன்றும் இல்லை.

"எங்கடா கத்துது? நான் கேட்டுகினுதான கீறேன்."

மோசஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இத்தோ, இப்பக்கூட கத்துதே," என்று அதே ஸ்பீக்கரைக் காட்டினான்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில், உப்பளத்தை ஒட்டி இருந்தது கொட்டகை. முன்பு கீற்று, எழுபத்து மூன்றில்தான் முதலாளி சிவப்பிரகாசம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டார். கீற்றுக் காலத்திலிருந்து பதினேழு வருஷமாக இருசப்பன்தான் ஆபரேட்டர். படகு ஏறப் பிடிக்காமல் குப்பத்தை விட்டு வந்தவன். வந்த புதிதில் அவனை இழுத்துப் பிடித்தது படமல்ல, சத்தம். பிலிமின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. அதன் வழியே ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் பாய்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் செல், வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் கரண்டாக மாற்றி ஒயர் வழியாக ஆம்ப்ளிபயருக்கு அனுப்புகிறது. அது திரைக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் அழுகையாகவும் பாட்டாகவும் வருகிறது. வெளிச்சத்தைக் காதால் கேட்கிறோம் என்பது அவனுக்கு இன்றுவரை ஆறாத ஆச்சரியம்.

அதனால் கோளாறு என்றால் அவனுக்கு எரிச்சல் வராது, ஆசைதான் வரும். எட்டு நாள் முன்பு, இந்த முறையும் அப்படித்தான் தொடங்கினான். சவுண்டு பல்பை மாற்றினான். ஆம்ப்ளிபயரின் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் போட்டான். ஒரு மெஷினின் செல்லை இன்னொன்றில் மாட்டிப் பார்த்தான். திரைக்குப் பின்னால் போய்ப் பெரிய ஸ்பீக்கரின் வாயில் கூடு கட்டியிருந்த குளவியை விரட்டினான். ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்டு, சரியாகிவிட்டது என்று சொன்னான். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஷோவில் ஜனங்கள் விசிலடித்தார்கள்.

அன்று மாட்டினி விட்டதும் சிவப்பிரகாசம் கூப்பிட்டனுப்பினார். அவர் சத்தம் போடும் மனிதரல்ல. மேஜைமேல் இருந்த பேப்பரை மடித்துக்கொண்டே பேசினார்.

"எட்டு நாளா சரியாச்சு, சரியாச்சுன்னு சொல்லினு கீற. நான் பின்னால குந்திக் கேக்கறேன், ஊசி வெச்சு குத்தறாப்ல கீது. பொய் சொல்றியா, இல்ல வேலைல புத்தி இல்லியா? வெள்ளிக்கெழம புதுப்படம். அதுக்குள்ள கீச்சு நிக்கலன்னா செங்கல்பட்டுலேர்ந்து வேற ஆளு வருவான்பா. எனுக்கு வேற வழி தெர்ல."

பொய் என்ற வார்த்தை இருசப்பனைச் சுட்டது. ராத்திரி ஷோ முடிந்து படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. மோசஸும் முதலாளியும் சேர்ந்து தன்னை வெளியேற்றப் பார்க்கிறார்களோ என்று நினைத்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எதற்குக் காதைப் பொத்த வேண்டும்? அவர்களிடம் யார் சொல்லி வைத்திருக்க முடியும்? முந்தாநாள் இடைவேளையில் ஆம்ப்ளிபயரைப் போட்டதும் மடியிலிருந்த ஒரு கைக்குழந்தை வீரிட்டது நினைவுக்கு வந்தது. கைக்குழந்தைக்குச் சதி தெரியாது. அப்படியானால் சத்தம் இருக்கிறது. இருக்கிற சத்தம் தனக்கு மட்டும் ஏன் வரவில்லை? பயத்துக்கு மேலே இன்னொன்று குறுகுறுத்தது. இதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, உப்பு வாரும் வேலை முடிந்து வந்த பெண்டாட்டி வேண்டாவை நேரே கொட்டகைக்கு அழைத்துப் போனான். அவள் கால் கழுவக்கூட இல்லை. முழங்கால்வரை வெள்ளையாக உப்பு காய்ந்திருந்தது.

"படம் கூட இல்ல, இன்னாத்துக்குய்யா என்ன இட்டாந்த?"

"நடுவால பெஞ்சுல குந்து. கொர்ருனு கேக்கறது கணக்கு இல்ல. கீச்சுன்னு கேட்டா கையத் தூக்கு. நின்னா எறக்கிடு. என்னத் திரும்பிப் பாக்காத."

மேலே வந்து சத்தம் கூட்டும் திருகில் கை வைத்து, சின்ன ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். காலியான பெஞ்சுகளுக்கு நடுவே அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. திருகைத் திறந்தான். அவனுக்கு உறுமல் மட்டும் கேட்டது. கீழே அவள் கை உயர்ந்தது. மூடினான், கை இறங்கியது. மறுபடி திறந்தான், மூடினான். பிறகு திறக்காமலே வெகுநேரம் காத்திருந்தான். கை மடியிலேயே கிடந்தது. அவள் கொட்டாவி விட்டாள். சட்டென்று திறந்தான். பாதிக் கொட்டாவியில் கை மேலே போனது.

ஆறு தடவை செய்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏழாவது தடவை திறந்துவிட்டு அப்படியே நின்றான். அவள் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். கை வலித்ததோ என்னவோ, இடது கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். அந்தக் கை அங்கே இருக்கிறது, சத்தமும் அங்கே இருக்கிறது, நடுவில் நான் மட்டும் இல்லை என்று நினைத்தான். பதினேழு வருஷமாக இரண்டு மெஷின்களுக்கு நடுவில் நின்றதை நினைத்தான். பல்சக்கரங்கள் கடகடவென்று காதில் அடித்துக்கொண்டே இருக்கும் அந்த ஒன்றரை கஜ இடத்தை முதல்முறை பார்ப்பவன் போலத் திரும்பிப் பார்த்தான்.

"யோவ், எவ்ளோ நேரம்யா?" வேண்டா கத்தினாள்.

"மேல வா," என்றான்.

கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவள் அந்த ரூமுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வெக்கையில் முகத்தைச் சுளித்தாள். சுவரிலிருந்த சின்ன ஸ்பீக்கரின் பக்கத்தில் அவளை நிறுத்தினான்.

"ஒண்ணொண்ணா தொடறேன். கத்தறது மாறிச்சின்னா சொல்லு."

"உனுக்குக் கேக்கலியா?"

மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் வால்வுகளைத் தட்டினான். அவள் தலையை ஆட்டினாள். பல்பு, இல்லை. செல் இருக்கும் பெட்டி, இல்லை. அங்கிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒயரின்மீது செம்பு இழையால் வலை பின்னியிருக்கும்; வெளிச் சத்தம் உள்ளே புகாமல் அது காக்கும். அதை லேசாக அழுத்திக்கொண்டே போனான்.

"இரு. கொறைஞ்சிது."

இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினான்.

"நின்னுடுச்சி!"

கையை எடுத்தான். "தோ, மறுபடியும் கத்துது." அழுத்தினான். "நின்னுடுச்சி." அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "விடு, இன்னொரு வாட்டி அழுத்து," என்றாள். தானே குனிந்து பார்த்தாள். வலை இரும்புச் சட்டத்தில் சேரும் மூலையில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பொங்கியிருந்தது. நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"உப்பு பூத்துகினு கீதுய்யா. அளத்துல பம்பு மோட்டாருக்கும் இப்டித்தான் பூக்கும்."

ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தான், புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மறுபடி போட்டபோது அவள் ஸ்பீக்கரில் காதை வைத்து நெடுநேரம் நின்றாள். "ஒண்ணும் இல்ல," என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது.

"நம்ம பொண்ணு பூவாயி கூப்ட்டா மட்டும் நீ இன்னா, இன்னான்னு நாலு வாட்டி கேப்ப. கொழந்த பேச்சுக்கு மதிப்பு குடுக்கலன்னு நான் உன்ன எவ்ளோ திட்டிகீறேன்."

"எனுக்கே தெரியாதே வேண்டா."

"சொல்லிட்றியா மொதலாளிகிட்ட?"

கீழே சிவப்பிரகாசம் வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரீல் முழுக்கக் கேட்டார். திருப்தியாகத் தலையசைத்தார். "உப்பு அரிச்ச ஒரு ஒயருக்கா எட்டு நாளு? மின்னாடியே ஏன்பா பாக்கல?"

ஒயர் கண்ணில் படவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் பொய் என்று அன்றைக்கு அவர் சொன்னது இருசப்பனுக்குள் இன்னும் காந்தியது.

"அந்தக் கீச்சு எனுக்குக் காதுல உழல மொதலாளி. இதுதான் கேட்டு சொல்லிச்சி," என்று வேண்டாவைக் காட்டினான்.

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். உப்பு அப்பிய அவள் கால்களையும் பார்த்தார். "வெள்ளிக்கெழம படத்தப் போடு. அப்பால பேசுவோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாட்டினிக்கு இன்னும் நேரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று இருவரும் அளத்து வரப்பில் வீட்டுக்கு நடந்தார்கள். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. கொஞ்ச தூரம் போன பிறகு, "வேற இன்னா இன்னா கீது, எனுக்குக் கேக்காதது?" என்றான்.

துக்கமாகக் கேட்கிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படி இல்லை. ஊரில் இல்லாத சமயம் நடந்ததை விசாரிப்பவன் போல இருந்தான்.

"சில்வண்டு கேக்குமா உனுக்கு?"

"சின்ன வயசுல கேட்டுது. இப்ப இல்லன்னு நெனச்சேன். அதுங்கதான் செத்துப்போச்சோன்னு."

"பூவாயி சிரிப்புல பாதி கேக்காது," என்றாள். உடனே சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள்போல உதட்டைக் கடித்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அத்தோ. அது கேக்குதா?"

வரப்பு ஓரத்தில், விரல் ஆழத் தண்ணீரில், உள்ளங்கை அளவு உள்ளான் குருவி ஒன்று நின்றிருந்தது. அவர்களைப் பார்த்தும் பறக்கவில்லை. இருசப்பன் மெதுவாகக் குந்தி உட்கார்ந்தான். காற்றின் சத்தம் கேட்டது. தூரத்தில் பஸ் ஒன்று கியர் மாற்றுவது கேட்டது. பறவையின் தொண்டைக்கடியில் வெள்ளை மயிர் துடித்தது. கறுத்த சின்ன அலகு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அவன் கண் கொட்டாமல் அந்த அலகையே பார்த்துக்கொண்டிருந்தான்.