ஐந்தாவது செல்லோ

சீசன் அட்டவணையில் நான்கு கச்சேரிகள் இருந்தன. ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் இராஜாக்கமங்கலம் கடற்கரையில் மீனவக் குடும்பங்களுக்கு, அக்டோபரில் காது கேளாதவர்களுக்கு, டிசம்பரில் டிக்கெட் போட்டுக் கிறிஸ்துமஸ் கச்சேரி. நாகர்கோவில் சிம்பொனிக் குழுவின் நாற்பத்திரண்டு பேரும் அந்த மூன்றாவதைப் பற்றித்தான் பேசினார்கள். லீலாபாய் மட்டும் அட்டவணைக்கு அடியில் இருந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து கோட்டில் புள்ளியாக எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனை வாசிக்கத் தெரியாதவர்கள் இந்த முறை மேடையில் இல்லை, வரவேற்பில் நிற்கலாம் என்று மரியாதையாகப் போட்டிருந்தது.

அவளுக்கு ஸ்டாஃப் தெரியாது. இந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. மிஷனரி காலத்தில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது சோல்ஃபா. ஐந்து கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. டோ, ரே, மி என்பதன் முதலெழுத்துகளை வரிசையாக எழுதிவைத்துப் பாட வேண்டியது. அதை வைத்தே நாலு குரலில் கிறிஸ்துமஸ் பாட்டை வெளுத்து வாங்குவார்கள். லீலாபாயும் அப்படி வந்தவள்தான். குழுவில் சேர்ந்த பதினோரு வருடமாக அவளுடைய ஒவ்வொரு தாளிலும் புள்ளிகளுக்கு மேலே பென்சிலால் சோல்ஃபா எழுதித் தந்தவர் அவள் கணவர் ஜஸ்டஸ். தபால் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். மணி மணியான கையெழுத்து. சேரும்போது படிவத்தில் 'ஸ்டாஃப் தெரியும்' என்று எழுதியதும் அவர்தான். பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த சீசனுக்கு எல்லாமே புதுப் பாட்டுகள். தாள்கள் பென்சில் படாமல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

கற்றுக்கொள்ளத்தான் பார்த்தாள். ஐந்தில் வளையாதது அறுபத்தொன்றில் எங்கே வளையும்? ஒரு பக்கத்துக்கு இரண்டு வாரம் ஆயிற்று, அதுவும் தப்பாக. மஸ்கட்டில் இருக்கும் மகன் சிஜினிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்தான்.

"இந்த வயசுல அம்மைக்கு எதுக்கு இந்தப் பாடு? குழுவ விட்டு நின்னுட்டு வீட்டுல சும்ம இரிங்க."

வீட்டில் சும்மா இருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியாது. வாரத்தில் செவ்வாயும் சனியும் ஒத்திகை. மற்ற ஐந்து நாளும் அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். ஒத்திகையில் மட்டும் அவள் பெயர் எழுதி ஒட்டிய ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் யாராவது "வாங்க லீலாம்மா, சாப்ட்டாச்சா?" என்று கேட்பார்கள். அதை விட்டுவிட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க அவளால் முடியாது.

அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அவளுடையது செல்லோ, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி. அதை வாசிப்பவர்கள் ஐந்து பேர். இரண்டிரண்டாக உட்கார்ந்ததுபோக ஐந்தாவது ஆளான அவள் பின்னால் தனியாக இருப்பாள். மற்றவர்களின் வில் போகும் பக்கமே தன் வில்லையும் ஓட்டினாள். கம்பிக்கும் வில்லுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி. சத்தம் வராது; கை மட்டும் போய் வரும். பள்ளிக் கச்சேரி அப்படியே முடிந்தது. கடற்கரைக் கச்சேரியும் முடிந்தது. குழுவை நடத்தும் ஜெபிஷ், சென்னையில் படித்துவிட்டு வந்த பிள்ளை, இறங்கும்போது அவளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான்.

"செல்லோ இன்னைக்கு நல்லா இருந்துல்லா ஆன்ட்டி. அஞ்சு பேரும் ஒண்ணு போல."

தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்துவைக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு கச்சேரியில் அவள் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. மாட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

அக்டோபர் கச்சேரிக்கு முந்திய ஒத்திகையில்தான் ஜெபிஷ் ஏற்பாட்டை விளக்கினான். வருகிறவர்கள் மேடையிலேயே ஸ்டூல் போட்டு வாத்தியங்களுக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். மரத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வைக் கேட்பார்கள். லீலாபாய் தன் வில்லைப் பார்த்தாள். ஆனால் இருபது பேர்தான் வருகிறார்கள், முன்வரிசைகளோடு சரியாகிவிடும் என்றதும் மூச்சு வந்தது.

அன்று இருபது பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று. முதல் பாட்டு தொடங்கியபின் இருபத்தொன்றாவதாக ஒருவர் வந்தார். மயிலாடியில் சிலை வேலை செய்யும் சுடலையாண்டி, பஸ் பிந்திவிட்டதாம். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கல்தூசி. கூட்டி வந்த பெண் அவரை நேராக லீலாபாயிடம் கொண்டுவந்து, ஸ்டூலைப் போட்டு, குனிந்து கிசுகிசுத்தாள்.

"அண்ணனுக்குப் பிறவியிலயே கேக்காது. கைய இதுல வச்சுக்கிடட்டும், என்னா?"

அவர் கும்பிட்டுவிட்டுச் செல்லோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். லீலாபாயின் வில் போயிற்று, வந்தது. அவர் கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். பிறகு மேலே. பிறகு விரல் கணுவால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், கல்லில் உள்விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. முன்னால் இருந்தவர்களின் முகங்கள் மலர்ந்திருப்பதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். தப்பு தன் கையில்தான் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளங்கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வைத்துக்கொண்டு, வரும் என்று காத்திருந்தார்.

அந்தத் துடைத்தலை லீலாபாயால் தாங்க முடியவில்லை. தாளைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. எந்தச் சுரம், எந்த இடம், எதுவும் தெரியாது. விரல் வைக்காமல் இழுத்தாலே மரம் முழுக்க அதிரக்கூடியது அந்தத் தடித்த நாலாவது கம்பிதான். வில்லை அதன்மேல் அழுத்தி வைத்து இழுத்தாள்.

பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் அது எழுந்தது. முன்னால் இருந்த செல்லோக்காரர்கள் திரும்பினார்கள். வயலின்கள் தடுமாறின. ஜெபிஷ் தாளம் காட்டிய குச்சி ஒரு கணம் அந்தரத்தில் நின்று, இறங்கியது. ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"ஆன்ட்டி," என்றான் ஜெபிஷ். "என்ன செய்யுதிய?"

அவள் வில்லை நிறுத்தவில்லை. சனிக்கிழமை அந்த நாற்காலியில் தன் பெயர் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் நின்றுபோன வாத்தியங்களிலிருந்து இருபது பேரும் கையை எடுத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுடலையாண்டிக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. அவர் கண்களை மூடியிருந்தார். இன்னொரு கையையும் கொண்டுவந்து மரத்தில் வைத்தார். வில் நுனிவரை வந்துவிட்டது. லீலாபாய் அதைத் திருப்பி இழுத்தாள்.