எட்டு மைல் தார், இரண்டு மைல் கரிசல்

மாடத்திக்கு முதல் பிள்ளை மாட்டுவண்டியிலேயே செத்துப் பிறந்தது. இரண்டாவது, விருதுநகர் ஆஸ்பத்திரி வாசலில். "அரை மணி முன்னால வந்திருந்தா பிழைச்சிருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னார். அந்த அரை மணி, அவள் புருஷன் செல்லச்சாமியின் மண்டைக்குள் குடியேறிவிட்டது. அவன் தீப்பெட்டிக் கம்பெனியில் மேஸ்திரி. அவள் மூன்றாவதாக முழுகாமல் இருந்தபோது, முதலாளி ஓட்டித் தேய்த்துக் கழித்த மோட்டார் சைக்கிளை வாங்கினான். ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவன் பிள்ளைகள் செத்தபோது ஊரா வந்து அழுதது?

வண்டியில் இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரம் மழுங்கிக் கிடந்தது. விருதுநகரில் பட்டறை வைத்திருந்த பலவேசம் இரண்டு சக்கரங்களை எடுத்து முன்னால் போட்டார்.

"பதினாறு பல்லு மாட்டினா சேத்துலயும் மணல்லயும் இழுக்கும், ரோட்டுல நொண்டும். பத்தொம்பது பல்லு ரோட்டுல பறக்கும், மெதுவாப் போனா திணறி நின்னுரும். உனக்கு எது வேணும்லே?"

"ஆமத்தூர் பக்கத்துல பாதை பிரியுற விலக்குல இருந்து தாரு எட்டு மைலு அண்ணாச்சி. விலக்கு வரைக்கும் எங்க ஊர்ப் பாதை ரெண்டு மைலு."

"கரிசக்காட்டுப் பாதையாச்சே. மளை பேஞ்சா?"

செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மளை பேயுற ஊரா இருந்தா நாங்க எதுக்கு அண்ணாச்சி தீப்பெட்டி ஒட்டுறோம்? மூணு வருசமா வானத்தப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. பத்தொம்பதையே மாட்டுங்க."

அவன் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எட்டு பெரிதா, இரண்டு பெரிதா? ஆடிக் காற்றில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தான். இருபத்தைந்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசல். அன்று ராத்திரிதான் பாவி நிம்மதியாகத் தூங்கினான்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஊர் கூத்தாடியது, ஏரெல்லாம் பரணிலிருந்து இறங்கின. மூன்றாம் நாள் காலையில், பேறுகாலத்துக்கு நாள் இன்னும் கிடக்கும்போதே, மாடத்திக்கு வலி கண்டது.

"வண்டியக் கட்டுவோம்லே" என்றாள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள். மாட்டுவண்டி என்றாலே அவனுக்கு முதல் பிள்ளை கண்முன் வந்துவிடும். மாடத்தியைப் பின்னால் உட்காரவைத்து, சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மனசு கேட்காமல் குருவம்மாளும் சேற்றை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அரை மைல்கூடத் தாண்டவில்லை. கரிசல் சக்கரத்தில் அப்பி மட்கார்டை அடைத்தது. மெதுவாக விட்டால் இன்ஜின் நின்றது, முறுக்கினால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. இறங்கிக் கையால் மண்ணை வழித்தான், உதைத்தான், ஏறினான், மறுபடி இறங்கினான். நாலாவது தடவை கிளட்ச் கருகி நாறியது. அதற்கப்புறம் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி அசையவில்லை. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

குருவம்மாள்தான் மாடத்தியைக் கைத்தாங்கலாகக் கருவேல மரத்தடியில் படுக்கவைத்தாள். செல்லச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். திரும்பிப் பார்த்தபோது குருவம்மாள் மடியில் எதையோ துணியால் மூடிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மாடத்தி கண் திறக்காமலே கேட்டாள்: "பிள்ளை அழுதுச்சாங்க? மளைச் சத்தத்துல எனக்குக் காதுல விழல."

"ஆமா மாடத்தி" என்றான் செல்லச்சாமி. "மளைச் சத்தம்தான்."