ஓவனுக்குள் இருந்த பெட்டிகள்

சிறில் ஓவனைத் திறந்து பார்க்காமல் சுவிச்சைப் போட்டான். அவன் செய்த பிழை அவ்வளவுதான். ஆனால் கல்லடியில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டு ஓவன் வெறுமையாக இருந்திருக்கிறது? கரண்ட் பில்லுக்குப் பயந்து நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஒரு கேக் போடுவார்கள். மிச்ச நாளெல்லாம் அது எலி ஏறாத அலுமாரிதான். மூடிகள், டப்பாக்கள், ஒருநாளும் பாவிக்காத தட்டுகள், எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அவன் மனைவி றஜனியின் குசினியிலும் அப்படியே. அது பக்கத்து வீட்டுக்குத் தெரியும், வகுப்புக்குப் போயிருக்கிற மகன் அன்ரோவுக்குத் தெரியும், சுற்றித் திரிகிற பூனைக்கும் தெரியும். வீட்டுக்காரனுக்கு மட்டும் தெரியாது.

எப்படித் தெரியும், பாவம்? கட்டாரில் ஒரு ஹோட்டல் பேக்கரிப் போறணையில் பன்னிரண்டு வருசம் பாண் சுட்டவன் அவன். அங்கே ஓவனுக்குள் மாவைத் தவிர வேறொன்றும் போகாது. இந்த ஓவனையும் கடைசி லீவு முடிந்து போன கையோடு அவனேதான் காகோவில் அனுப்பினான். வீடோ ஊர் வழக்கப்படி றஜனிக்குச் சீதனமாக வந்தது. மாப்பிள்ளையாக வந்து புகுந்தவன், எந்தக் கதவு இறுகும், எந்த ஓடு ஒழுகும் என்று பழகுவதற்குள் பிளேன் ஏறிவிட்டான். அங்கே வேலை முடிந்து திரும்பி வந்து மூன்று மாதமாகியும் சீனிப் போத்தலைத் தேடிக்கொண்டுதான் தேத்தண்ணி ஊற்றுகிறான்.

போன கிழமை ஏஜென்சி மர்சூக் கோல் எடுத்திருந்தார். துபாயில் ஒரு போறணையில் இடமிருக்கிறதாம், இன்றைக்குப் பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். சிறிலுக்குப் போக மனமில்லை. உடம்பும் களைத்துவிட்டது, மனசு அதைவிடக் களைத்துவிட்டது. "இரியுங்க" என்று றஜனி ஒரு சொல் சொன்னால் போதும், இருந்துவிடுவான். அவள் சொல்லவில்லை. சொல்லாதது போகட்டும், முந்தா நாள் புடவைக்கடை வேலை முடிந்து வரும்போது நெத்தலிக் கருவாடும் காய்ந்த இறாலும் வாங்கி வந்தாள். மாமி திரேசம்மா இருந்து இறால் பொடி இடித்தா. ஒவ்வொரு தரமும் அவன் வெளிக்கிட முன்னம் நடக்கிற சடங்கு இது. பொரித்ததையும் இடித்ததையும் பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் அடைத்து, சுற்றிவர டேப் ஒட்டி, பேக்குக்குள் வைத்து, "பெட்டியள மறந்திராமத் திருப்பிக் கொண்டு வாங்க" என்று றஜனி கண்டிப்பாகச் சொல்லுவாள். அவனும் கழுவித் துடைத்துக் கொண்டுவருவான். கருவாட்டைக் கண்டதும் சிறிலுக்கு விளங்கிவிட்டது. போகச் சொல்கிறாள். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என்றாலும் நப்பாசை விடுமா? றஜனி வேலைக்குப் போனதும் மாவைக் குழைத்தான். பணிஸ் சுட்டு வைப்போம், வந்ததும் சூட்டோடு தின்னக் கொடுப்போம், கடைகளுக்குச் சுட்டுக் கொடுத்து இங்கேயே பிழைக்கலாம் என்று சொல்லிப் பார்ப்போம் என்பது அவன் எண்ணம். ஓவனைச் சூடேறப் போட்டுவிட்டு, மாவுக்குத் துணி போர்த்தி, வெண்ணெய்க்கட்டி வாங்கக் கடைக்குப் போனான்.

திரும்பி வரும்போது படலையிலேயே மணம் பிடித்தது. வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று சுழற்றியடித்துக்கொண்டிருந்தது. குசினிப் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கிறுகியது. திரேசம்மா செபமாலையும் கையுமாக வாசலில் நின்றா.

"மருமகன், என்னத்த எரிக்கிறீங்க? சந்தைக் குப்பை மாதிரி மணக்குது!"

ஓடிப்போய் சுவிச்சை நிறுத்தி, பிளக்கை இழுத்து, கதவைத் திறந்தான். கம்பித் தட்டு முழுக்கப் பிளாஸ்ரிக் வழிந்து தொங்கியது. அடியில் வெள்ளையும் சிவப்புமாகக் குளம். சூடேற்றும் கம்பியிலும் ஒட்டிப் புகைந்தது. ஐஸ்கிறீம் பெட்டிகள். அவனோடு பிளேன் ஏறி இறங்கிய அதே பெட்டிகள்.

அவசரப்பட்டுக் கரண்டியால் கிளப்பப் பார்த்தான். அது பாகு மாதிரி இழுபட்டுக் கையில் ஒட்டிச் சுட்டது. "ஆண்டவரே" என்று கையை உதறினான். பிறகுதான் புத்தி வந்தது. ஆற விட்டான். ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளைச் சொப்பிங் பேக்கில் போட்டுப் பிளாஸ்ரிக்கின் மேல் அமத்திப் பிடித்தான். குளிர்ந்து விறைத்ததும் மரக்கரண்டிக் காம்பால் தட்ட, சில்லுச் சில்லாகக் கழன்றது. பெரிய துண்டுகள் சுறுக்காக வந்துவிட்டன. மெல்லிசாகப் படிந்ததுதான் உயிரை எடுத்தது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஊற விட்டு, சுரண்டி, துடைத்து, மறுகா பூசி... கம்பியில் ஒரு பொட்டு மிஞ்சினாலும் அடுத்த தரம் போடும்போது புகையும், தின்கிறதிலும் நஞ்சு ஏறும். முதுகு விட்டுப் போயிற்று. இவ்வளவும் யாருக்காக? நாளைக்குப் பேக்கைக் கட்டப் போகிறவனுக்கு ஓவன் என்னத்துக்கு? அப்படி நினைத்துக்கொண்டும் சுரண்டினான்.

பின்னேரம் றஜனி வந்தாள். நாள் முழுக்கப் புடவைக்கடையில் நின்ற கால் வீங்கியிருந்தது. குசினி வாசலில் செருப்பைக் கழற்றினவள் அப்படியே நின்றாள். ஏசப் போகிறாள் என்று சிறில் தலையைக் குனிந்துகொண்டான்.

"திறந்து பாக்கல்லயா?" என்றாள்.

"உள்ளுக்க சாமான் இரிக்கெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

"இந்த வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுட்டது. சிறிலின் முகம் செத்துப்போயிற்று. றஜனி கைப்பையை மேசையில் போட்டுவிட்டு, வேலைக்கு உடுத்த சீலையோடேயே அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினாள். ஒரு மரக்கரண்டியை எடுத்து மூலையில் கிடந்த சிவப்புப் படிவைச் சுரண்டத் தொடங்கினாள்.

திரேசம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, எட்டிப் பார்த்தா. "ஐயோ, பெட்டி முழுக்கப் போச்சே! இனி எதுக்குள்ள கா மருமகனுக்குக் கட்டிக் குடுக்கப் போறாய்? கடையில புதுசு வாங்கு."

"கட்டல்ல."

"என்ன கா?"

"கட்டல்லம்மா!" றஜனியின் குரல் உடைந்தது. "கட்டிக் கட்டி எனக்குக் கை அலுத்துப் போச்சு. டேப் ஒட்டுறதும் அழுறதும், அழுறதும் டேப் ஒட்டுறதும். எனக்கு இனி ஏலா."

சிறில் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப ஏன் கருவாடு வாங்கினாய்? நான் போகத்தான் வேணுமெண்டு நினைக்கிறாய் எண்டெல்லோ நான்..."

"நீங்க வாயத் திறக்கல்லயே! மர்சூக் நானா கோல் எடுத்தவர், நீங்க ஒண்டும் சொல்லாமத் திரிஞ்சீங்க. இந்த மனிசனுக்கு இஞ்ச இரிக்கப் பிடிக்கல்ல எண்டு நினைச்சன். வெறுங்கையோட அனுப்ப ஏலுமா? அதான் வாங்கினன்." மூக்கைத் தோளில் துடைத்தாள். "மேசையில அது என்ன, மாவா?"

"பணிசுக்கு. உனக்குச் சுட்டுத் தந்துபோட்டு, கடைகளுக்குச் சுட்டுக் குடுப்பம், நான் போகல்ல எண்டு சொல்லுவம் எண்டு இரிந்தன்."

மாவோ காத்திருந்து காத்திருந்து பொங்கி, சரிந்து, சட்டிக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து றஜனிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

மேசையில் போன் அடித்தது. மர்சூக். சிறிலின் இரண்டு கையிலும் சோடாக் குழம்பு. றஜனி எழும்பிப்போய் எடுத்தாள்.

"ஓம் நானா... இல்ல, அவருக்கு வர ஏலா... சேச்சே, உடம்புக்கு வருத்தமொண்டும் இல்ல. ஓவன் சுரண்டுறார்... நாளைக்கும் ஏலா நானா. அவருக்கு இஞ்ச வேலை இரிக்கி. குறை நினைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு வந்து மறுபடியும் குந்தினாள். கம்பியில் ஒட்டியிருந்த கடைசிப் படிவை ஆளுக்கொரு பக்கமாகச் சுரண்டினார்கள்.

திரேசம்மா வாசலை விட்டுப் போகவில்லை. "அப்ப, இடிச்ச இறால் பொடிய என்ன கா செய்யிற?"

"சோத்தோட தின்னுவம், அம்மா," என்றாள் றஜனி.