இரண்டு வரிசைத் துளைகள்

தொழிற்சாலை வாசல் சோதனையில் கிளாஃபிராவின் மேல்கோட்டில் கையை வைத்ததுமே தெரெந்திக்கு விளங்கிவிட்டது. வயிற்றைச் சுற்றிக் கெட்டியாக ஏதோ இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பொண்டாட்டியின் உடம்பு அவனுக்குத் தெரியாதா? ரொட்டி கண்ணில் படாத இந்தக் குளிர்காலத்தில் விலா துருத்தி நிற்பவளுக்குத் திடீரென்று தொப்பை எங்கிருந்து வரும்? தோல்தான். லேத்தைச் சுழற்றும் பெல்ட்டின் தோல். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ," என்றான். அவள் போனாள்.

ஜார் மன்னன் கவிழ்ந்த மார்ச் மாதத்தில் பெத்ரோகிராத் தொழிற்சாலைகளில் முதலில் ஒழிந்தது இந்த வாசல் சோதனைதான். சோதனைக்காரன் சவேலி பெண்களின் மாரில் கைபோட்டே வயிறு வளர்த்தவன். அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்து, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஊரே கைகொட்டிச் சிரிக்கக் கால்வாயில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வண்டியைத் தள்ளியவன் தெரெந்தி. அந்தப் புகழில்தான் தொழிலாளர்களின் செங்காவல் படையில் அவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது.

இப்போது அதே வாசலில் அவனே நின்று தடவுகிறான். பூட்ஸுக்கு அடித்தோல் வேண்டுமென்று பெல்ட்டுகளை அறுத்துக்கொண்டு போகிறார்கள். பெல்ட் இல்லாமல் லேத்துகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. போன வாரக் கூட்டத்தில் தெரெந்திதான் எழுந்து கத்தினான்: "மொதலாளிகிட்ட எடுத்தா அது வயித்துப்பாடு. இப்ப தொழிற்சாலை நம்மளுது. நம்மகிட்டயே திருடுறவனுக்கும் அதே சாக்கு, அதே வண்டிதான்!" கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அன்று அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

இன்று மத்தியானம் அறுபட்டது பெரிய லேத்தின் பெல்ட். அதுவும் இரண்டு முனைகளையும் வாரால் தைத்துச் சேர்க்கும் இடம். இரண்டு வரிசைத் துளை போட்ட, கெட்டியான பகுதி. தொழிற்சாலைக் குழுவின் தலைவர் ரோதியோன் வாசலிலேயே வந்து நின்றுகொண்டார்.

அடுத்து வந்தவள் உஸ்தினியா. புருஷனை ஜெர்மன் சண்டையில் தொலைத்தவள். காலில் பூட்ஸ்கூட இல்லை, கோணித்துணி. கிளாஃபிராவுக்குப் பக்கத்து மெஷின். வேறொரு வரிசையில் நின்றவள், கிளாஃபிரா தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டு இவன் வரிசைக்கு மாறி வந்திருந்தாள். நம்ம ஆள் நிற்கிறான் என்ற தைரியம்.

"சட்டுனு விடு தம்பி, ரொட்டி தீந்துரும்."

முதுகுப் பக்கம் கை பட்டது. அங்கேயும் தோல். விட்டுவிடத்தான் நினைத்தான். அப்போது பக்கத்தில் நின்ற காவல்காரன் ஒருவன், "என்ன தெரெந்தி, வீட்டுக்காரிய மட்டும் தொட்டதும் விட்டுட்ட? ராத்திரிக்கு மிச்சம் வச்சிருக்கியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரோதியோன் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தானாகப் போனது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். தானாகப் போகவில்லை. அவன்தான் கோட்டை விலக்கி இழுத்தான்.

தோல் துண்டு பனியில் விழுந்தது. ரோதியோன் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல தொளை இல்ல. தொளை போட்ட துண்டு எங்க?"

உஸ்தினியா தெரெந்தியைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே உறைந்துபோய் நின்ற கிளாஃபிராவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், புருஷன் பொண்டாட்டி இருவர் கதையும் முடிந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

வண்டியைத் தெரெந்தியே கொண்டுவந்தான். வேறு யாராவது தள்ளினால் சந்தேகம் வருமென்று பயம். சாக்கைக் கவிழ்த்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. பின்னாலேயே சீட்டியடித்துக்கொண்டு கூட்டம் வந்தது. கூட்டத்தோடு கிளாஃபிராவும் வந்தாள். கரைக்குப் போனதும் மார்ச்சில் செய்தது போலவே வண்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். மார்ச்சில் கால்வாயில் பனிச்சேறு. சவேலி இடுப்பளவு நனைந்து திட்டிக்கொண்டே கரையேறினான். இது ஜனவரி. கீழே கருங்கல்லாக இறுகிக் கிடந்தது ஐஸ். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை.

விழுந்த சத்தம் கேட்டது.

"எந்திரி, திருட்டு முண்ட, எந்திரி!" என்று ஒருத்தி சிரித்தாள். சாக்கு அசைந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிப்போனது. அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளாஃபிரா ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுடைய பூட்ஸுக்கு அந்தத் தோலை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"அத அடுப்புல போட்டுத் தொலடி!"

"தோலு எரிஞ்சா தெருவே நாறும்யா."

"எதுக்குடி எடுத்த?"

"தெக்க கொசாக்குக் குதிரைப்படைக்காரன்கூட சண்டைக்கு அனுப்புறாங்கல்ல உன்ன? துப்பாக்கி குடுத்தாங்க. பூட்ஸ் குடுத்தாங்களா? வெரலு வெளிய தெரியுது. உஸ்தினியாதான் வெட்டிக் குடுத்தா. 'சண்டைக்குப் போறவனுக்குப் பெருசு, எனக்கு மிச்சம் போதும்'னா." வாயிலிருந்த ஆணியை எடுத்தாள். "இடுப்பெலும்பு போச்சாம். இனி நடக்கமாட்டாளாம்."

வெட்கம் அவனைத் தின்றது, ஆனாலும் பூட்ஸைத் தூக்கி எறியவுமில்லை.

படை கிளம்பும் காலையில் புதுப்பனி பெய்திருந்தது. கிளாஃபிரா குனிந்து தன் கையாலேயே அவனுக்குப் பூட்ஸை மாட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. மன்னித்துவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

"நடந்து பாரு," என்றாள்.

நடந்தான். அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகக் கால்விரல்கள் சூடாக இருந்தன. பாவி, அதில் சந்தோஷம்கூட வந்தது. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிற்சாலை வாசலைத் தாண்டி, முற்றத்தில் ஒருவர் காலும் படாத பனியின்மேல் அணிவகுப்பை நோக்கிப் போனான். பின்னால் ரோதியோன் வந்துகொண்டிருந்தார். அவருடைய காலடிச் சத்தம் நின்றது.

தெரெந்தி திரும்பிப் பார்த்தான். வாசலிலிருந்து அவன் நின்ற இடம்வரை அவனுடைய தடம். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னப் பனி மொட்டுகள் எழும்பியிருந்தன. உஸ்தினியா கொடுத்த பெரிய துண்டில் துளையில்லாத தோலும் இருந்தது. அதை உள்ளே வைத்து, துளை போட்டதை வெளியே வைத்து அடித்திருந்தாள்.

கிளாஃபிரா வழியனுப்ப வந்த பெண்களோடு வாசலில் நின்றாள். அன்று போலத் தெருவைப் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்துவைத்த தள்ளுவண்டியில் சாக்கு மடித்துக் கிடந்தது.

ரோதியோன் கையுறையைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, ஒரு மொட்டின்மேல் விரலை வைத்தார்.