குருத்துப் பச்சை

கலியாணத்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் உடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் கத்தரீனா. மணப்பெண் இராசாத்தியின் தங்கை. குருநகர்க் கரையில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். நோர்வேயிலிருந்து வந்த ஒரு கலியாணப் படத்தில் தோழிமாரும் தம்பிமாரும் பூக்கூடை ஏந்திய பூப்பிள்ளையும் ஒரே ஊதாவில் நின்றதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதே எண்ணம்தான். ஆனால் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஊதாவுக்கு எங்கே போவது? சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் வரவிடாமல் அரசாங்கம் தடைசெய்திருந்த காலம். பெரியகடையில் ஒரு முதலாளி அடித்தட்டிலிருந்து இழுத்துப் போட்ட சுருள்களில், ஒரு குடும்பத்துக்குக் காணுமளவு இருந்தது ஒரே ஒரு நிறம். வாழைக்குருத்தின் பச்சை.

தோழிமாருக்குச் சேலை, பூப்பிள்ளைக்குச் சட்டை, ஆம்பிளைகளுக்குச் சேர்ட், தாய்க்கு ஒரு சால்வைத் துண்டு என்று கத்தரீனா ஒரு முழம்கூட வீணாக்காமல் வெட்டினாள். ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமைக் காலை எல்லாரும் உடுத்து முற்றத்துக்கு வந்தபோது, தாய்மாமன் சந்தியோகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னடி பிள்ளையள், கோயிலுக்குப் போறியளோ, இயக்கத்திட்டை றெயினிங்குக்குப் போறியளோ?"

"உங்களுக்கும் தைச்சிருப்பன் மாமா. வயித்தை அளக்க என்ரை நாடா நீளம் காணேல்லை" என்றாள் கத்தரீனா.

"எனக்கு உந்தப் பச்சை வேண்டாம். நான் மணி அடிக்கிற ஆள். என்ரை மருமோளுக்குக் கை ஓயுமட்டும் அடிப்பன்."

எல்லாரும் சிரித்தார்கள். படம் எடுக்க வந்திருந்த பெர்னடெட்டும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

பெர்னடெட்டின் தகப்பன் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். இரண்டு கண்ணிலும் பூ விழுந்த பிறகு கமரா மகளின் கைக்கு வந்தது. பழைய பெட்டிக் கமரா. மேலே ஒரு கண்ணாடி. குனிந்து அதைத்தான் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவரின் முகத்தை நேரே பார்க்கத் தேவையில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான்: ஆட்களை ஒழுங்காக நிற்கச் சொல்வது. அவள் சொல்வது முன்வரிசைக்கே கேட்பதில்லை. "பிள்ளை வாய்க்குள்ளை செபமாலை சொல்லுது" என்று யாராவது பகிடி பண்ணுவார்கள்.

இந்தக் கலியாணத்துக்கு அவளிடம் வந்து கேட்டவள் செபஸ்தியம்மா, மணப்பெண்ணின் தாய். அதற்கு முந்தின வருசம் அவளுடைய மூத்த மகன் தேவராசாவின் வள்ளத்தை நேவி சுட்டது. கரைக்கு வந்தது ஒரு பலகை மட்டும். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மட்டைக்குப் படம் தேடி அவள் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். தேவராசா அகப்பட்டிருந்தது யாரோ ஒருவர் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாள் படத்தில், ஓரத்தில், ஒரு தோளும் ஒரு காதுமாக.

"ஒரு காதை வைச்சு என்ன செய்யிறது பிள்ளை?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

இந்த முறை வந்தபோது வாசலிலேயே நின்று சொன்னாள். "மிஞ்சினது மூண்டு. இராசாத்தி, கத்தரீனா, யாகோப்பு. யாகோப்பும் கடலுக்குத்தான் போறான். மூண்டும் ஒரு படத்திலை முகம் தெரிய வரவேணும். எனக்கு வேறையொண்டும் வேண்டாம்."

பெர்னடெட் உள்ளே போய், ஈரமணல் போட்ட பானைக்குள் தகப்பன் பத்திரப்படுத்தியிருந்த கடைசிக் கலர் பிலிமை எடுத்து வைத்தாள். திகதி முடிந்த பிலிம். அதற்கு வெளிச்சம் இரட்டிப்பாக வேண்டும்.

அடைக்கல மாதா கோயில் கரையோரத்துச் சின்னக் கோயில். மணல் முற்றம், ஓர் ஓலைப் பந்தல், மணிக்கூண்டு, அதற்குப் பின்னால் கடல். பூசை முடிந்து இராசாத்தியும் மாப்பிள்ளை செபநாயகமும் கையெழுத்து வைத்ததும் செபஸ்தியம்மா எல்லாரையும் பலிபீடத்துக்கு முன்னால் கூட்டினாள்.

பெர்னடெட் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். மெழுகுதிரிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிளாஷுக்குப் பற்றரி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடையாது.

"மாமி, இருட்டாயிருக்கு. வெளியிலை எடுப்பம்."

"வெளியிலையோ? ஹெலி வந்து சுட்டிட்டா?"

"மப்பாயிருக்கு மாமி. மப்புக்கு வராது."

அது அவள் கண்டுபிடித்த சட்டமில்லை. அந்தக் கரையில் எல்லாரும் அப்படித்தான் வலை காயப் போட்டார்கள், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தார்கள். முகில் மூடியிருந்தால் பயமில்லை. செபஸ்தியம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி, கெதியா" என்றாள்.

முற்றத்தில் பெர்னடெட் அவர்களை இரண்டு வரிசையாக நிற்க வைத்தாள். நடுவில் வெள்ளையில் இராசாத்தியும், கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளையும். இரண்டு பக்கமும் பச்சை. பின்வரிசையிலும் பச்சை. தோளோடு தோள் முட்ட, உயரம் பார்த்து, ஒரே அளவு இடைவெளியில். பாசையூரிலிருந்து வந்த தோழிப்பெண், மாப்பிள்ளையின் மச்சாள், முந்தானையைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். யாகோப்பு பின்வரிசையில், தாய்க்கு நேர் பின்னால். இரவு கடலுக்குப் போய்வந்த கண் சிவந்திருந்தது.

"அண்ணை, கண்ணைத் திறந்து வைச்சிரு" என்றாள் கத்தரீனா. "மீன் மாதிரி நிக்காதை."

"மீன் கண் மூடாதடி, விசரி."

பெர்னடெட் ஸ்ராண்டில் கமராவைப் பூட்டினாள். இரண்டு வரிசையும் தெளிவாக வரவேண்டுமானால் வில்லையின் வாயைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் அது கூடநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்கு ஒருவரும் அசையக்கூடாது. இந்த மூன்றையும் அவள் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது கடல் பக்கத்தில் மப்பு கொஞ்சம் விலகியது. மணலில் வெளிச்சம் விழுந்தது. மாதாவே, இது காணும் என்று நினைத்தாள்.

அதே நேரம் சந்தியோகு மணியை அடிக்கத் தொடங்கினார். சொன்னபடியே, கை ஓயுமட்டும் அடிக்கிற அடி. கூண்டு அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திச் சிரித்தார்கள்.

பெர்னடெட் குனிந்தாள். கண்ணாடிக்குள் எல்லாரும் சின்னதாக, இடம்வலம் மாறி நின்றார்கள். பச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, நெல்வயலின் வரப்பைப் போல நேராக இருந்தது. அழகாயிருந்தது. விரல் பொத்தானுக்குப் போனது. ஒரு தலை அசைந்தது. யாகோப்பின் தலை. அவன் நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருப்பது ஒரே பிலிம். மப்பு எந்த நேரமும் மறுபடி மூடிவிடலாம். அவளுடைய அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. மணியையும் மீறிக் கேட்டது.

"யாகோப்பு அண்ணை, அசையாதேங்கோ!"

எல்லாரும் விறைத்து நின்றார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் மணல் எழும்பியது. கண்ணாடிக்குள் வரிசையின் முன்னால் மணல் கோடாக எழும்பி ஓடிவந்ததை அவள் பார்த்தாள். பிறகுதான் மணிக்குள்ளிருந்து வேறொரு சத்தம் பிரிந்து வந்தது. நிமிர்ந்தாள். மப்பு விலகிய இடத்தில் ஹெலி சரிந்து நின்றது. அதன் கதவில் ஒருவன் குந்தியிருந்தது தெரிந்தது. அவன் தொப்பிகூடத் தெரிந்தது.

வரிசை ஒரேயடியாகக் குலையவில்லை. அதுதான் பிறகு அவளுக்கு மறக்கமுடியாமல் போனது. அவள் அசையவேண்டாம் என்றதால் ஒரு மூச்சு நேரம் எல்லாரும் நின்றார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் மச்சாள் மடித்துப்போட்ட துணி போல இருந்த இடத்திலேயே விழுந்தாள். அப்போதுதான் அலறல் வந்தது. ஓடினார்கள். சேலை தடுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்களை மிதித்து ஓடினார்கள். ஓலைப் பந்தல் பற்றியது. கோயில் சுவரில் சுண்ணாம்பு தெறித்தது. இராசாத்தி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு விரல்கள் இல்லை. மாப்பிள்ளை அவளை இடுப்பில் தூக்கிக் கோயிலுக்குள் எறிந்தான். எறிந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹெலி வட்டமடித்து மறுபடி வந்தது. பெர்னடெட் ஸ்ராண்டு சரிந்து விழுந்த கமராவின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். முதுகில் சூடான மணல் விழுந்தது. கடலுக்கு மேலாக அது திரும்பிப் போன பிறகு மணியும் இல்லை. எரிகிற ஓலையின் சத்தம் மட்டும் இருந்தது.

யாகோப்பு தாய்க்கு மேல் கிடந்தான். செபஸ்தியம்மா அடியிலிருந்து அவனைத் தள்ளிப் புரட்டினாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன குண்டு மார்பால் வெளியே வந்திருந்தது. கத்தரீனா தன் சேலையைப் பல்லால் கிழித்து அந்தக் காயத்தின் வாயை அடைத்தாள். பிறகு இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று. பச்சையில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது. கறுப்பாகத்தான் தெரியும். அவள் தைத்ததெல்லாம் கறுப்பாகிக்கொண்டு வந்தது. "அண்ணை, கண்ணைத் திற" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவன் கண் திறந்துதான் இருந்தது.

சந்தியோகு மணிக்கூண்டிலிருந்து ஓடிவந்தார். கயிறு உரசிய உள்ளங்கைகள் சிவந்திருந்தன. மருமகனைப் பார்த்தார். பிறகு கமராவோடு எழும்பிக்கொண்டிருந்த பெர்னடெட்டைப் பார்த்தார். நேரே வந்து அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்து விழுத்தினார்.

"உன்ரை வாயால நிப்பாட்டினியடி! ஓட வெளிக்கிட்டவனை நிப்பாட்டினியடி!"

காலால் உதைத்தார். அவள் கமராவை வயிற்றுக்குள் சுருட்டிப் பிடித்தாள். அடுத்த உதை விலாவில் விழுந்தது. அவர் குனிந்து பெட்டியின் வாரைப் பற்றி இழுத்தார். "உந்தப் பெட்டியை உடைச்சுக் கடலிலை எறியிறன் பார்." அவள் விடவில்லை. கன்னத்தில் அறைந்தார். வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. அப்போதும் விடவில்லை. சுற்றி நின்ற ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை.

"தம்பி."

செபஸ்தியம்மா மகனின் தலையை மடியில் வைத்தபடியே கூப்பிட்டாள். அவளுடைய சத்தத்தில் அழுகை இல்லை.

"அவள் சத்தம் போட்டவள். நீ மணி அடிச்சனி. நான் படம் கேட்டனான். ஆரையடா கொல்லப்போறாய்?"

சந்தியோகுவின் கை வாரிலேயே நின்றது.

"பெட்டியை விடு. என்ரை பிள்ளை உதுக்குள்ளை இருக்கிறான்."

அவர் விட்டார். பிறகு அந்த மணலிலேயே குந்தி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு பெரிய சத்தமாக அழத் தொடங்கினார்.

அடுத்த நாள் யாகோப்பையும் தோழிப்பெண்ணையும் ஒன்றாகவே அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியைச் சுற்றி உறவினர் நின்று படம் எடுப்பது வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். செபஸ்தியம்மா வேண்டாமென்றுவிட்டாள். "எனக்கு உயிரோடை நிக்கிற படம் இருக்கு" என்றாள்.

அடக்கம் முடிந்ததும் அவள் தனியே ஸ்ரூடியோவுக்கு வந்தாள். பெர்னடெட்டின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மூச்சை இழுத்தால் விலா குத்தியது. பெர்னடெட் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கலர் பிலிமைக் கொழும்பில்தான் கழுவலாம். வழியில் ஆமி பிடித்தால் பிலிமை இழுத்து வெளிச்சத்தில் போட்டுவிடுவான். இங்கே கழுவலாம், ஆனால் தன்னிடம் இருப்பது கறுப்பு வெள்ளைக்குரிய மருந்து. படம் வரும். நிறம் வராது.

"பச்சை தெரியாதோ?"

"தெரியாது மாமி."

"தெரியாமல் போகட்டும். கழுவு."

கறுத்த துணி தொங்கவிட்ட அறைக்குள் அவள் கழுவினாள். பிலிம் காய்ந்ததும், கரண்ட் இல்லாத காலத்து முறைப்படி, அதைக் கடதாசியோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் இறுக்கி, வெளிக் கதவை வெயிலுக்கு ஒரு கணம் திறந்து மூடினாள். பிறகு கடதாசியை மருந்துத் தட்டில் அமிழ்த்தினாள். செபஸ்தியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். சிவப்புத் தாள் சுற்றிய விளக்கில் இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

முதலில் மாப்பிள்ளையின் கோட்டு வந்தது. பிறகு வரிசை. கத்தரீனா தெளிவாக வந்தாள், தன் மடிப்புகளோடு. இராசாத்தி தெளிவாக, விரல் குறையாத கையில் பூச்செண்டோடு. தோழிப்பெண் முந்தானையைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். அசையாமல் நின்ற எல்லாருடைய முகமும் கண்ணிமை வரைக்கும் தெரிந்தது. பின்வரிசையில் யாகோப்பு கடைசியாக வந்தான். அவன் அசைந்திருந்தான்.

அவனுக்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று மேலே வானத்தைப் பார்த்தது. அதன்மேல் படிந்தாற்போல் மற்றது, நேரே. இரண்டும் கலங்கியிருந்தன. மூக்கு எது, வாய் எது என்று தேடவேண்டியிருந்தது.

பெர்னடெட்டுக்கு இப்போதுதான் விளங்கியது. அத்தனை பேருக்குள்ளும் ஹெலியின் சத்தத்தைக் கேட்டவன் அவன் ஒருவன். அவள் கூப்பிட்டதும் வானத்தை விட்டு அவளைப் பார்த்திருக்கிறான்.

"மாமி," என்றாள்.

செபஸ்தியம்மா ஈரக் கடதாசியைத் தொடாமல், ஒரு விரலை அதற்கு மேலே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். மேலே பார்த்த முகத்தின் மேல் விரல் நின்றது. பிறகு நேரே பார்த்த முகத்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றது.

"கூப்பிட்டால் திரும்பிப் பாப்பான். சின்னனிலையிருந்து உப்பிடித்தான்" என்றாள். "ஓம், இவன்தான்."

தட்டில் கடதாசி கறுத்துவிடப் போகிறது என்று பெர்னடெட்டுக்குத் தெரிந்தது. எடுத்து அடுத்த தட்டில் போட்டாள்.

"மூத்தவனுக்கு ஒரு காதுதான் கிடைச்சது" என்றாள் செபஸ்தியம்மா. "முப்பத்தோராம் நாள் மட்டைக்கு இது காணும். இராசாத்திக்கும் ஒண்டு அடி பிள்ளை. அவளின்ரை கை இருக்கிற படம்."

பெர்னடெட் புதிய கடதாசியைக் கண்ணாடிக்குள் வைத்தாள். கதவின் கொளுக்கியில் கை வைத்து, வெளியே வானத்தில் ஏதும் சத்தம் கேட்கிறதா என்று முதலில் காது கொடுத்தாள். பிறகுதான் திறந்தாள்.